கட்டில் தேடிய நான்காவது ஆள்

ஆறு பேர் சேர்ந்து இழுத்தும் துளசிமணியின் கட்டில் ஓர் அங்குலம்கூட நகரவில்லை.

"அக்கா, இது தரையைப் புடிச்சிருக்குதுங்க. இன்னும் இழுத்தா உங்க ஊடு வேணா வரும், கட்டில் வராது" என்று சொல்லிவிட்டு, சுமை தூக்க வந்தவர்களில் மூத்தவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். மற்ற ஐவரும் அவர் பின்னாலேயே போய்விட்டார்கள்.

துளசிமணி இடுப்பில் கைவைத்துக் கட்டிலை முறைத்தாள். பொள்ளாச்சியில் இருந்த அந்த வீட்டை விற்றாகிவிட்டது. மறுநாள் காலை இடிக்க வருகிறார்கள். அதற்கு அடுத்த நாள் அவளுக்குக் கல்யாணம். ஐம்பத்தெட்டு வயதில் இரண்டாவது கல்யாணம். மாப்பிள்ளை, பம்புசெட் பழுது பார்க்கும் சம்பத். வாசல் கேட்டுக்கு வெளியே ஓட்டுநர் இல்லாத லாரி ஒன்று நின்றிருந்தது. அதன் அருகில், கட்டிலை வாங்கிப் போக வால்பாறையிலிருந்து வந்திருந்த புதுமணத் தம்பதி எபியும் ஜோவிதாவும் கைகளைக் கோத்துக்கொண்டு நின்றார்கள். இருவருமே பள்ளி ஆசிரியர்கள். மலைக்குளிருக்கு இந்தக் கட்டில்தான் ஏற்றது என்று யாரோ சொல்லித் தேடி வந்திருந்தார்கள்.

"ஏற்ற வேண்டிய பொருள் தயாரா?" என்று லாரி பணிவாகக் கேட்டது.

"சித்தெ இரு!" என்று வீட்டுக்குள்ளிருந்து கத்தினாள் துளசிமணி.

அது உயிருள்ள கட்டில். ஒருகாலத்தில் கல்யாணச் சீரில் உயிர்க்கட்டில் இல்லாவிட்டால் சம்பந்திகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். மரத்தின் திசுவையும் காளானின் இழையையும் சேர்த்து வளர்த்து விற்றார்கள். படுப்பவரின் உடல் சூடும் வியர்வையின் உப்பும்தான் அதற்கு உணவு. வாரம் ஒருநாள் ஒரு சொம்பு வெல்லத் தண்ணீர் ஊற்றினால் போதும். பதிலுக்கு அது மார்கழியில் சூடு தரும், சித்திரையில் குளிர்ச்சி தரும். ஒவ்வொருவர் முதுகுக்கும் தகுந்தபடி குழிந்து கொடுக்கும். துளசிமணியின் கட்டிலில் மூன்று பள்ளங்கள் தெரிந்தன. ஒன்று அவளுடையது. நடுவில் இருந்த சிறியது மகள் தளிருடையது. சுவரோரம் இருந்த பெரியது தெய்வசிகாமணியுடையது.

தெய்வசிகாமணிதான் அவளுடைய முதல் கணவர். கெட்டவர் இல்லை. அவரால் பேசாமல் இருக்க முடியாது. அவளால் அதைக் கேட்டுக்கொண்டே இருக்க முடியாது. அவ்வளவுதான். பல்லடத்தில் கோழிப்பண்ணை போட்டவர், வாரம் ஒருமுறை வந்தார், பிறகு மாதம் ஒருமுறை வந்தார், பிறகு வக்கீலோடு வந்தார். நீதிமன்றத்தில் வீடு அவளுக்கு, பண்ணை அவருக்கு என்று தீர்ந்தது. கட்டிலைப் பற்றி மட்டும் யாரும் கேட்கவில்லை.

ஆனால் கட்டிலுக்கு விவாகரத்து தெரியவில்லை. தெய்வசிகாமணியின் பள்ளத்தை அது மூடவே இல்லை. அவர் வந்து படுக்கப்போகிறார் என்பதுபோல மார்கழி இரவுகளில் அந்த இடத்தைச் சூடாக்கி வைத்துக் காத்திருந்தது. துளசிமணி அதில் தலையணையை அடைத்துப் பார்த்தாள். கட்டில் துப்பிவிட்டது. ஒருமுறை அக்கம்பக்கத்தவரைக் கூப்பிட்டு அவர் கனத்துக்கு ஓர் அரிசி மூட்டையைத் தூக்கிப் போட்டாள். கட்டில் சிறிது நேரம் யோசித்துவிட்டு மூட்டையைக் கீழே உருட்டியது. பக்கத்தில் சூடான வெற்றுப் பள்ளத்தை வைத்துக்கொண்டு எப்படித் தூங்குவது? பல வருடங்களாக அவள் தரையில் பாய் விரித்துத்தான் படுத்தாள். தரைக் குளிரில் முதுகு பிடித்துக்கொண்ட நாட்களில்கூடக் கட்டிலுக்கு வெல்லத் தண்ணீர் ஊற்ற மறந்ததில்லை.

பதினொரு மணிக்குக் கால்நடை மருத்துவர் ரெஹானா வந்தார். இப்படிப்பட்ட சாமான்களை எந்தத் துறையில் சேர்ப்பது என்று அரசாங்கம் வெகுநாள் குழம்பி, நாலு கால் இருக்கிறது, தீனி தின்கிறது என்ற இரண்டு காரணங்களைச் சொல்லிக் கால்நடைத் துறையில் தள்ளியிருந்தது. ரெஹானா அன்று காலைதான் கோமங்கலத்தில் ஓர் எருமைக்குப் பிரசவம் பார்த்திருந்தார். முழங்கையைத் துடைத்துக்கொண்டே கட்டிலைச் சுற்றி வந்தார்.

"ஆரோக்கியமா இருக்குதுங்க அக்கா. வேர் நாலு அடி போயிருக்கும்."

"வெட்டி எடுத்துற முடியாதுங்களா, டாக்டர்?"

"வெட்டுனா செத்துரும். ரெண்டு நாள்ல அழுகிரும். போன வருசம் நெகமத்துல ஒருத்தரு அவசரப்பட்டு மண்வெட்டியால வெட்டிட்டாரு. நாத்தத்துல தெருவே காலி. அவரு இன்னும் மச்சான் ஊட்லதான் இருக்கறாரு."

"அப்ப என்னதானுங்க பண்றது?"

"பால்குடி மறக்க வைக்கிற மாதிரி, இதையும் மறக்க வைக்கோணும். இதுல படுத்துத் தூங்குனவங்க அத்தனை பேரும் ஒண்ணா வந்து படுக்கோணும். புதுசா வாங்குறவங்களும் கூடப் படுக்கோணும். எல்லாரும் இருக்கறாங்கன்னு தெரிஞ்சா, இது நிம்மதியா புடியை விட்டுரும்."

"அத்தனை பேரும்னா… அவருமா?"

"உசுரோட இருக்கறாரில்லீங்க? அதுவே பெரிய விசயம்." ரெஹானாவின் குரல் இறங்கியது. "ஆனைமலையில ஒரு கட்டில் இருக்குது. படுத்தவங்கள்ல ஒருத்தரு தவறிட்டாரு. அது இன்னும் அவருக்காக எடம் வெச்சிருக்குது. அதுகிட்ட போயி நான் என்னன்னு சொல்றது? அவரு சட்டையைக் கொண்டாந்து போட்டுப் போட்டு, எட்டு மாசமாப் பாக்கறேன். உங்களுது சுளுவுங்க. ஒரு போன் போட்டா முடிஞ்சுது."

அந்த ஒரு போனைப் போடுவதற்குள் துளசிமணிக்கு வியர்த்துவிட்டது. அவரை எப்படிக் கூப்பிடுவது? 'ஏனுங்க' என்று அழைக்கும் உரிமை போய்விட்டது. பெயர் சொல்லிக் கூப்பிட வாய் வராது. கடைசியில், "நாந்தான். கட்டில்ல படுக்க வரோணும்" என்று சொல்லிவிட்டாள்.

மறுமுனையில் தெய்வசிகாமணி போனை மற்றக் காதுக்கு மாற்றினார். பிறகு, "ஏனம்மிணி, வெள்ளிக்கெழமை உனக்குக் கல்யாணமல்ல?" என்றார்.

விளக்கி முடிப்பதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

ஓசூரிலிருந்து கல்யாணத்துக்கு வந்திருந்த தளிர், கடைவீதியில் பூ வாங்கிக்கொண்டிருந்த இடத்திலிருந்து ஓடிவந்தாள். மதியம் இரண்டு மணிக்குத் தெய்வசிகாமணி வந்து இறங்கினார். கையில் நாட்டுக்கோழி முட்டைகள் அடுக்கிய தட்டம். கேட்டைத் திறக்கும்போதே பேச்சு தொடங்கிவிட்டது. பல்லடம் ரோட்டின் நெரிசல், கோழித்தீவன விலை, லாரியின் நிறம் எல்லாவற்றையும் பேசியபடி செருப்பைக் கழற்றினார். ஜோவிதாவைப் பார்த்து, "கண்ணு, நீதான் புதுப்பொண்ணா? நல்ல கட்டிலு. ஒண்ணே ஒண்ணு, இதுமேல உக்காந்து சண்டை மட்டும் போடாதீங்க, முதுகுப் பக்கம் கல்லாட்டம் ஆயிரும்" என்று அறிவுரை வேறு சொன்னார்.

வாசல் நிலைப்படியில் சம்பத் நின்றிருந்தார். அவர் அதிகம் பேசமாட்டார். மோட்டார் சத்தத்தில் பாதிக் காது போனவர். இருவரும் கும்பிட்டுக்கொண்டார்கள். வருங்காலக் கணவரும் முன்னாள் கணவரும் வேறு என்னதான் செய்துகொள்ள முடியும்?

"செரி, படுங்க எல்லாரும்" என்றார் ரெஹானா, மாட்டைத் தொழுவத்துக்கு ஓட்டும் குரலில்.

முதலில் துளசிமணி தன் இடத்தில் படுத்தாள். தளிர், நடுவிலிருந்த தன் பள்ளத்தைப் பார்த்தாள். ஏழு வயதில் படுத்த அளவிலேயே அது இருந்தது. முப்பது வயதுக்காரி முழங்காலை மார்போடு சேர்த்து மடக்கி எப்படியோ உள்ளே புகுந்துகொண்டாள். கடைசியாகத் தெய்வசிகாமணி, தொப்பையைப் பிடித்துக்கொண்டு, தன் பழைய பள்ளத்தில் மெல்ல இறங்கினார்.

கட்டில் முனகியது. தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை ஒரு நடுக்கம் ஓடியது. வெயிலில் நின்ற நாய் எஜமானைப் பார்த்ததும் உடம்பையே ஆட்டுமே, அப்படி ஆடியது. பள்ளம் அவர் தொப்பைக்கு ஏற்றபடி அவசர அவசரமாக அகலமாகிக் கொடுத்தது.

தெய்வசிகாமணி பேச்சை நிறுத்திவிட்டார். கண்ணை மூடிக்கொண்டார். தளிர் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். கண்ணோரத்தில் ஈரம்.

"அப்பா?"

"ஒண்ணுமில்ல சாமி. எம்பட முதுகு… சூடா இருக்குது. இத்தன நாளும் இப்படியேவா வெச்சிருந்துச்சு?"

"ஆமா" என்றாள் துளசிமணி, கூரையைப் பார்த்தபடி. "மார்கழி முச்சூடும்."

எபியும் ஜோவிதாவும் கூச்சத்தோடு ஓரத்தில் ஒட்டிக்கொண்டு படுத்தார்கள். ரெஹானா, மாட்டின் வயிற்றில் வைக்கும் கருவியைக் கட்டிலின் பக்கப்பலகையில் ஒட்ட வைத்துக் காதைக் கொடுத்தார். நெற்றி சுருங்கியது.

"அக்கா… இது இன்னும் ஒருத்தரைத் தேடுதுங்க."

"ஆரை?"

"பழைய ஆளுங்க நாலு பேர்னு சொல்லுது. இங்க மூணு பேருதான் இருக்கறீங்க."

தெய்வசிகாமணி மெல்ல எழுந்து உட்கார்ந்தார். துளசிமணியும் எழுந்து உட்கார்ந்தாள்.

"நானில்லாதப்ப…" என்று அவர் தொடங்கினார்.

"நீங்க இருந்தப்ப ஆரைக் கூட்டியாந்தீங்களோ!" என்று அவள் முந்திக்கொண்டாள். குரல் தேவைக்கு மேல் உயர்ந்திருந்தது.

"நானா? என்ற கோழிங்க மேல சத்தியமா—"

"பூனை ஏதாச்சும் இருக்குமுங்களா?" என்றாள் தளிர், இருவரையும் காப்பாற்றும் நோக்கில்.

"பூனையெல்லாம் கணக்குல வராதுங்க. நல்ல கனம். ஆம்பள ஆளு. அதுவும் சமீபத்துல. போன சித்திரைக்கப்புறம்னு வெச்சுக்கலாம்." ரெஹானா கட்டிலின் மேல் கையை ஓட்டிக்கொண்டே கால்மாட்டுக்குப் போனார். "இதோ இருக்குது பாருங்க. குறுக்கால ஒரு பள்ளம். பாவம், காலை நீட்டக்கூட எடமில்லாம சுருண்டு படுத்திருக்கறாரு."

தெய்வசிகாமணி கதவுப் பக்கம் பார்த்தார். தளிர் கதவுப் பக்கம் பார்த்தாள். எபியும் ஜோவிதாவும்கூடத் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள்.

சம்பத் தன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, ஓசைப்படாமல் படியிறங்கிக்கொண்டிருந்தார்.

"அம்மா!" தளிர் துள்ளி எழுந்தாள். "மோட்டாரு ரிப்பேரு, மோட்டாரு ரிப்பேருன்னு போன வருசமெல்லாம் போன்ல சொன்னியே! அந்த மோட்டாருக்கு என்னதான் ஆச்சு?"

துளசிமணியின் முகம் சிவந்து வெளுத்து மறுபடி சிவந்தது. "மோட்டாரு… முதல் தடவை நெசமாவே ரிப்பேருதான்."

சம்பத்தை எபிதான் ஓடிப்போய் அழைத்து வந்தான். அவர் குனிந்த தலை நிமிராமல் நின்றார். எல்லோரும் காத்திருந்தார்கள். அவர் வாயிலிருந்து வார்த்தை வருவது ஆழ்துளைக் கிணற்றிலிருந்து தண்ணீர் வருவதுபோல. கொஞ்சம் பொறுக்க வேண்டும்.

"நல்ல வெயிலுங்க" என்றார். "கரண்டு இல்ல. மோர் குடுத்தாங்க. சும்மா உக்காந்தேனுங்க. ஜில்லுனு இருந்துச்சு. தூங்கிட்டேனுங்க."

"செரி, அது மொதத் தடவை. அப்பறம்?" என்றாள் தளிர்.

"அப்பறமும் வெயிலுதானுங்க."

தெய்வசிகாமணி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபப்படப்போகிறார் என்று துளசிமணி நினைத்தாள். ஆனால் அவர் கேட்டது வேறு.

"அதென்னுங்க, கால்மாட்டுல குறுக்கால படுத்திருக்கறீங்க? இந்தப் பக்கம் இவ்வளவு எடம் கெடக்குதே?"

சம்பத் தயங்கினார். "அது உங்க எடமுங்க."

முதலில் சிரித்தது துளசிமணிதான். அவள் சாதாரணமாகச் சிரிக்காதவள். சேலைத் தலைப்பை வாயில் வைத்து அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அது மூக்கு வழியாக வந்தது. அதைப் பார்த்துத் தளிர் சிரித்தாள். தெய்வசிகாமணி, "என்ற எடமாமா! பல்லடத்துல குந்தியிருக்கறவனுக்கு எடம் புடிச்சு வெச்சுருக்கறாரு பாரு மனுசன்!" என்று தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். சிரிப்பில் பள்ளத்திலிருந்து வெளியே வந்து சுவரை ஒட்டி நகர்ந்தார். "வாங்க மேல. கால நீட்டிப் படுங்க. வாங்கங்கறேன்!"

சம்பத் ஏறினார். எபியும் தளிரும் மறுபடி தங்கள் இடத்தில் படுத்துக்கொண்டார்கள். முன்னாள் கணவரின் பக்கத்தில், ஒரு பாதி உடம்பு அந்தப் பள்ளத்திலும் மறுபாதி வெளியிலுமாக, முதன்முறையாகக் காலை நீட்டினார். எபிக்கு ஏன் சிரிக்கிறோம் என்றே தெரியவில்லை, ஆனாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டான். ஜோவிதாவுக்கு விக்கல் எடுத்தது.

"ஆடாம இருங்க, கேக்கோணுமல்ல!" என்று அதட்டிய ரெஹானாவும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். கருவியைப் பிடித்தபடி கட்டில் விளிம்பில் ஒரு முழங்காலை ஊன்றினார்.

அப்போதுதான் கட்டில் பிடியை விட்டது.

அடியிலிருந்து ஒவ்வொரு பள்ளமாக நிரம்பி மேலே எழுந்தது. தளிருடைய சிறிய பள்ளம் முதலில். பிறகு துளசிமணியுடையதும் கால்மாட்டில் குறுக்கே இருந்ததும். கடைசியாகச் சுவரோரத்துப் பெரியது. படுக்கை நடுவில் சரிய, எல்லோரும் ஒருவர்மேல் ஒருவராக உருண்டு குவிந்தார்கள். கருவியின் குழாயைக் காதில் மாட்டியிருந்த ரெஹானாவும் மேலே வந்து விழுந்தார். தரைக்குள்ளிருந்து, சேற்றிலிருந்து காலை உருவுவதுபோல, நாலு முறை 'சொத்' என்று கேட்டது. கட்டில் ஒரு குதி குதித்தது. ஏழு பேரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

"ஏற்ற வேண்டிய பொருள் தயாரா?" என்று வெளியிலிருந்து லாரி கேட்டது.

"தயார்!" என்று கத்தினார்கள்.

ஆறு பேர் இழுத்து வராத கட்டிலை எபியும் சம்பத்துமே தூக்கிவிட்டார்கள். லாரியில் ஏற்றியபின் துளசிமணி ஒருமுறை போய், சுவரோரத்து இடத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். மட்டமாக இருந்தது. சூடும் இல்லை. வெகுதூரம் சுமந்த குடத்தை இறக்கியதும் கை தானாக மேலே எழும்புமே, அப்படி இருந்தது அவளுக்கு. அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வந்தது மறுபடியும் சிரிப்புதான்.

"வெல்லத் தண்ணி மறந்துராதே கண்ணு" என்று ஜோவிதாவிடம் மட்டும் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை கல்யாணம் நன்றாக நடந்தது. தெய்வசிகாமணியும் வந்து, மாப்பிள்ளை வீட்டார் பக்கம் உட்கார்ந்து, அவர்களோடு விடாமல் பேசிக்கொண்டிருந்தார். சம்பத் பேசாததற்கும் சேர்த்து அவர் பேசினார் என்று பிறகு சொல்லிக்கொண்டார்கள்.

பத்து நாள் கழித்து ஜோவிதா அழைத்தாள். குரல் அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை.

"ஆன்ட்டி, கட்டில் இங்க தரையில வேர் பிடிக்கவே மாட்டேங்குது. ராத்திரியெல்லாம் நடுங்குது. நாங்க ரெண்டு பேரும் படுக்கிறதுக்கு எடமே இல்ல. பல்லாங்குழி மாதிரி ஏழு பள்ளம் விழுந்திருக்கு!"

துளசிமணி உடனே ரெஹானாவை அழைத்தாள். ரெஹானா வெகுநேரம் யோசித்தார்.

"நான் பாத்த மத்த ஊட்லயெல்லாம், ஆளுக்கொரு பக்கம் மூஞ்சியத் திருப்பிட்டுப் படுப்பாங்கக்கா. அழுவாங்க. அது வெளங்கிட்டு விட்டுரும். நீங்க கெக்கெக்கேன்னு சிரிச்சு ஒருத்தர் மேல ஒருத்தர் உருண்டீங்க. அது என்னன்னு நெனைக்கும்? பழைய குடும்பம் முடிஞ்சுது, புதுக் குடும்பம் வந்துருச்சுன்னு நெனச்சுக்கிச்சு. ஏழு பேரும் ஒரே குடும்பம். அந்த ஏழுல…" அவர் நிறுத்தினார். "அட ஆண்டவனே, நானும் இருக்கறனல்ல!"

"இப்ப என்னதானுங்க பண்றது?"

"போய்ப் படுக்கறதுதான். எல்லாரும் நல்லாத்தான் இருக்கறாங்கன்னு பாத்துட்டா வேர் புடிச்சுரும்னு நெனைக்கறேன்."

"எத்தன தடவைக்குங்க?"

"அது எந்தப் பாடத்துலயும் இல்லீங்க."

அந்த ஞாயிற்றுக்கிழமை, துளசிமணி, சம்பத், தெய்வசிகாமணி, ஓசூரிலிருந்து திரும்பவும் வந்த தளிர், ரெஹானா என ஐந்து பேரும் ஒரே வண்டியில் மலையேறினார்கள். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் தெய்வசிகாமணி ஒரு கதை சொன்னார். பாதி மலைக்குமேல் யாருக்கும் அவரை நிறுத்தச் சொல்லத் தோன்றவில்லை. வால்பாறையில் தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய அந்தச் சிறிய வீட்டில், ஜோவிதா எல்லோருக்கும் இஞ்சி டீ கொடுத்தாள். வெளியே மூடுபனி ஜன்னலை மூடிக்கொண்டிருந்தது. குளிரில் பல் தந்தியடிக்க, ஏழு பேரும் கட்டிலில் ஏறிப் படுத்து ஒரு பெரிய கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டார்கள். கட்டில் நடுக்கத்தை நிறுத்தியது. அடியிலிருந்து மெல்லச் சூடு ஏறியது. சம்பத்துக்குக் குறட்டையே வந்துவிட்டது.

கதவு திறந்தது. எபியின் அம்மா ஞானசெல்வி, மகனுக்கும் மருமகளுக்கும் பலகாரத் தூக்கோடு, சொல்லாமல் கொள்ளாமல் ஊரிலிருந்து வந்து நின்றார். மகனின் கல்யாணக் கட்டிலைப் பார்த்தார். வரிசையாக ஏழு தலைகள்.

எபி கம்பளிக்குள் தலையை இழுத்துக்கொண்டான். ஜோவிதாதான் எழுந்து உட்கார்ந்தாள்.

"வாங்க அத்தை."

"இவங்கெல்லாம் யாரு?"

ஜோவிதா ஒவ்வொருவராகப் பார்த்தாள். சொல்லத் தொடங்கினால் சாயங்காலம் ஆகிவிடும்.

"சொந்தக்காரங்க அத்தை."

"சொந்தமா? எனக்குத் தெரியாம எந்த வழியில?"

"கட்டில் வழியில."

ஞானசெல்வி பலகாரத் தூக்கை மேசைமேல் வைத்தார். ஈரமாகியிருந்த ஸ்வெட்டரைக் கழற்றினார். பனியில் விறைத்த கைகளைத் தேய்த்துக்கொண்டே கட்டில் விளிம்பைத் தொட்டுப் பார்த்தார். சூடாக இருந்தது.

"அப்ப நான் மட்டும் என்ன அந்நியமா?" என்றபடி காலைத் தூக்கி உள்ளே வைத்தார். "கொஞ்சம் தள்ளிப் படுங்க."